பத்தாவது ஆளும் சமூக நெசவும்

லெவ் எஹாத் என்ற குடியிருப்பு உண்டானதற்கு ஒரு தண்ணீர் லாரிதான் காரணம். குடியிருப்பு வெளியிட்ட எந்த ஆண்டுமலரிலும் இது இருக்காது. மலர்களில் தரிசனம் இருக்கும், தியாகம் இருக்கும், தலைமுறைகளின் கண்ணீர் இருக்கும். லாரி இருக்காது.

லாரியை ஓட்டியவன் ரஹமீம். குர்திஸ்தானிலிருந்து யூதர்களின் நாட்டுக்குக் கைக்குழந்தையாக வந்து, தகரக் கொட்டகை முகாமில் வளர்ந்து, கல்குவாரிக்கு முதுகைக் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். மழைக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், மலைமுகட்டில் கூடாரம் அடித்திருந்த பையன்களுக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவன். வண்டியைத் திருப்பும்போது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது.

கூடாரத்தில் ஒன்பது ஆண்கள் இருந்தார்கள். எல்லோரும் படித்தவர்கள், காளை மாதிரி உடம்பு. ஆளுக்கொரு தோள் கொடுத்தால் லாரி ஏறியிருக்கும்.

"தம்பிகளா, ஒரு கை குடுங்கப்பா. பொழுது இறங்கிட்டா ஓய்வுநாள். அப்புறம் வண்டியத் தொட முடியாது. வீட்டுல அவ காத்துக்கிட்டிருப்பா."

"இதோ வந்துட்டோம்ணே," என்றான் எல்யாகிம். அவன்தான் அவர்களுக்குத் தலைவன். "மொதல்ல ஒரு டீ குடிங்க."

டீ வந்தது. அதற்குச் சர்க்கரை தேடினார்கள். சர்க்கரை கிடைத்ததும் கரண்டியைத் தேடினார்கள். ஒன்பது பேரும் சேர்ந்து, மேற்கே சூரியனைப் பார்த்தபடியே கரண்டியைத் தேடினார்கள். சூரியன் விழுந்தது. கரண்டி உடனே கிடைத்துவிட்டது. எல்யாகிம் ஓடிவந்து ரஹமீமைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, உங்களக் கடவுள்தான் அனுப்பிச்சார்!"

"என்னை அனுப்பிச்சது தண்ணி ஆபீஸ்டா."

விஷயம் இதுதான். யூதர்களின் கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் அது வெறும் கூடாரம். பத்துப் பேர் ஆகிவிட்டால் சபை. சபை கூடிய இடத்தில் தோரா என்ற வேதச் சுருளை வைக்கலாம். சுருள் வைத்த இடத்தில் கைவைக்க, கூடாரத்தைக் கலைக்க வரும் பட்டாளத்துக்காரனே யோசிப்பான். பத்தாவதாக வருகிறேன் என்ற மாணவன் காய்ச்சல் என்று சொல்லி அம்மா வீட்டிலேயே படுத்துவிட்டான். அவன் இடத்தில் ரஹமீம் நின்று, சேறு காயாத காலோடு, நீட்டி முழக்கி ஆமென் சொன்னான். அத்தோடு லெவ் எஹாத் பிறந்தது. 'ஒரே இதயம்' என்று அந்தப் பெயருக்குப் பொருள்.

அடுத்த வாரமும் பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. எல்யாகிம் ரஹமீமின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, குடும்பத்தோட இங்கேயே வந்துருங்க. டவுன்ல மச்சினன் வீட்டுத் தாழ்வாரத்துல எத்தனை நாள் கெடப்பீங்க? இப்போதைக்கு ஒரு தகர வண்டி வீடு. கல்லுவீடு கட்டுறப்ப மொத வீடு உங்களுக்குத்தான். இது என் வாக்கு."

ரஹமீமின் மனைவி ஜமீலா முகட்டைப் பார்த்தாள். காற்றையும் பார்த்தாள். சக்கரம் கழற்றிக் கல்மேல் நிறுத்தியிருந்த அந்தத் தகர வீட்டையும் பார்த்தாள்.

"வாக்கு குடுத்தவன் கண்ணைப் பாத்தியாய்யா?"

"பாத்தேன். அழுதுட்டான்."

"அழுதானா? அப்ப நல்லா யோசிச்சுக்க."

ஆனாலும் வந்தார்கள். சொந்தக் கல்வீடு என்ற சொல்லுக்கு அப்படி ஒரு ருசி.

அதற்குப் பிறகு குழாய் பதித்தது, தொட்டி கட்டியது, பனி விழுந்த வருஷம் ஜெனரேட்டரைக் கம்பளியால் போர்த்திக் காப்பாற்றியது எல்லாம் ரஹமீம்தான். முதல் குளிர்காலத்தில் எல்யாகிமும் அவனும் ஒரே சட்டியில் ஜமீலாவின் குப்பாவை வழித்துத் தின்றார்கள். கோதுமை உருண்டைக்குள் கறி வைத்து பீட்ரூட் சாற்றில் கொதிக்க வைத்த சாப்பாடு அது. "அண்ணி, இது கடவுள் வானத்துலேருந்து போட்ட மன்னா" என்று எல்யாகிம் விரல் நக்குவான்.

குடியிருப்பு வளர்ந்தது. டாக்டர்கள் வந்தார்கள், கணினிக்காரர்கள் வந்தார்கள், கடல் தாண்டியும் சிலர் வந்தார்கள். பத்து ஆண்களுக்குத் தவித்த இடத்தில் இப்போது ஜெப ஆலயத்துக்குள் நிற்க இடமில்லை. எங்கே இடமில்லையோ அங்கே குழு பிறக்கும். 'ஏற்புக் குழு' பிறந்தது. கல்வீடு வேண்டும் என்பவர் குடியிருப்பின் 'சமூக நெசவுக்கு'ப் பொருந்துகிறாரா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. செயலாளர் எல்யாகிம், மதகுரு ரப்பி பெஸஹ்யா, மனத்தை அளக்கப் படித்துப் பட்டம் வாங்கிய ஸிவ்யா அம்மாள், இந்த மூவரும்தான் குழு.

ரஹமீம் போய் நின்றான்.

"எல்யாகிம், வீட்டு வேலை ஆரம்பிச்சாச்சு போல. மொத வீடு..."

"உனக்குத்தான். அதுல என்ன சந்தேகம்?" 'அண்ணே' எப்போது உதிர்ந்தது என்று ரஹமீம் கவனிக்கவில்லை. "ஆனா, குழு முன்னாடி ஒரு தடவ வந்துட்டுப் போயிரு. சும்மா ஒரு சடங்கு."

"நான் இங்கேயே இருக்குறவன்தானே?"

"அதான் சிக்கலே. நீ ஏற்கப்படாமலே இருந்துட்ட. அப்ப குழு இல்லையே. உன்னை யாரும் சேத்துக்கல ரஹமீம். நீ இருந்துட்ட, அவ்வளவுதான்."

நேர்காணலில் எல்யாகிம் கண்ணாடி போட்டுக்கொண்டு, "தங்கள் பெயர்?" என்று கேட்டான்.

ரஹமீம் சிரித்தான். எல்யாகிம் சிரிக்கவில்லை. குனிந்து காதோடு சொன்னான்: "இந்த நாற்காலியில உக்காந்தா நான் உன்னைத் தெரியாதவன். அதுதான் நேர்மை."

ஸிவ்யா அம்மாள் மரம் ஒன்று வரையச் சொன்னாள். வரைந்தான்.

"வேரைக் காணோமே?"

"மண்ணுக்குள்ள இருக்கும்மா."

'வேர் பற்றிய உணர்வு இல்லாதவர்' என்று எழுதிக்கொண்டாள். பிறகு அவனையும் இன்னும் நான்கு விண்ணப்பதாரர்களையும் வட்டமாக உட்காரவைத்து ஒரு விளையாட்டு. படகு மூழ்குகிறது, ஒருவர் இறங்கினால் மற்றவர்கள் பிழைக்கலாம். யார் இறங்குவது? ஒரு கணக்காளர், கிழவியைத் தள்ளலாம் என்று மூன்று காரணங்களோடு விளக்கினார். இன்னொருவர் வேத மேற்கோளோடு அதை ஆதரித்தார். வாதம் சூடானது. ரஹமீமுக்கு அலுத்துப்போயிற்று.

"எதுக்குங்க சண்ட? நானே இறங்கிக்கிறேன். நீங்க போங்க."

கணக்காளருக்குத் 'தலைமைப் பண்பு' என்று மதிப்பெண் விழுந்தது. ரஹமீமுக்கு: 'படகைக் கைவிடத் தயங்காதவர். பற்றுறுதி குறைவு.'

அடுத்தது சோதனை ஓய்வுநாள். விண்ணப்பதாரர் வெளியிலிருந்து வந்து, ஒரு குடும்பத்தோடு ஓய்வுநாளைக் கழிக்க வேண்டும் என்பது விதி. ரஹமீம் உள்ளேயே இருக்கிறானே என்று கேட்டதற்கு, விதி 'வெளியிலிருந்து' என்றுதான் சொல்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை ரஹமீமும் ஜமீலாவும் பெட்டியோடு, வீட்டைப் பூட்டி, வாசல் கதவைத் தாண்டி வெளியே போனார்கள். சாலையில் நின்று திரும்பி உள்ளே வந்தார்கள். காவல்காரர் எழுந்து, "லெவ் எஹாத்துக்கு நல்வரவு" என்றார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவர்களுக்கு விருந்தளித்தவன் போன கோடையில் குடிவந்த நாதானேல். நல்ல பிள்ளை. குடியிருப்பைச் சுற்றிக் காட்டினான்.

"இதுதான் நம்ம தண்ணித் தொட்டி. ரொம்பப் பழசு. அந்தக் காலத்து முன்னோடிகள் கட்டினது."

"அப்படியா," என்றான் ரஹமீம்.

"அவங்கல்லாம் வேற மாதிரி மனுஷங்க. இப்ப அப்படிப்பட்டவங்களப் பாக்க முடியாது."

ஜமீலா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமாப்பா. பாத்தாலும் அடையாளம் தெரியாது."

நாதானேல் வீட்டுச் சமையலறையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓய்வுநாளில் பழுது பார்ப்பது பாவம். ரஹமீமின் விரல்கள் துடித்தன. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சொட்டுச் சத்தம் அவனுக்கு மட்டும் சம்மட்டியாகக் கேட்டது. மறுநாள் சாயந்தரம் நட்சத்திரம் வந்து ஓய்வுநாள் முடிந்ததும் தானே ஓடிப்போய்ச் சரிசெய்தான். அதற்குள் நாதானேலின் அறிக்கை மனத்துக்குள் எழுதி முடிந்திருந்தது: 'வீட்டில் ஒரு குறையைக் கண்டும் நாள் முழுக்கக் கவலைப்படாமல் இருந்தார். மனைவி கொண்டுவந்த உணவில் வாசனை அதிகம். ஜெபத்தில் இவருடைய ஆமென் நீளமாக இருப்பதால் சபை காத்திருக்க நேர்கிறது. கட்டட வேலைக்கு வரும் கிராமத்து ஆட்களோடு அரபியில் பேசுகிறார். சிரிக்கவும் செய்கிறார்.'

பொதுக்கூட்டம் ஜெப ஆலயத்தில் நடந்தது. ரஹமீம் கடைசி வரிசையில் ஜமீலாவோடு உட்கார்ந்திருந்தான். சட்டை இஸ்திரி போட்டது. வீட்டுச் சாவியை அன்றைக்கே கொடுத்துவிடுவார்களோ என்ற நினைப்பில் பாக்கெட்டில் எதையும் வைக்காமல் வந்திருந்தான்.

எல்யாகிம் எழுந்தான்.

"சகோதரர்களே, சகோதரிகளே! நாம் யாரையும் நிராகரிப்பதில்லை. நிராகரிப்பது நம் பண்பாடே அல்ல. சிலர் நம்மோடு பொருந்தாமல் இருப்பதை நாம் வருத்தத்தோடு கவனிக்கிறோம், அவ்வளவுதான். நமது முன்னோர்களை உலகம் வாசலில் நிறுத்தி, உனக்கு இங்கே இடமில்லை என்றது. அந்த வலி நமக்குத் தெரியும். அதனால்தான் நம் வாசலில் நிற்பவர்களிடம் அதையே நாம் அன்பாகச் சொல்கிறோம். ரஹமீம் அண்ணனைப் பற்றிக் குழுவுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் தங்கமானவர். தங்கத்தை யாராவது துணியில் நெய்வார்களா? நெசவுக்கு நூல்தான் வேண்டும்."

கைதட்டினார்கள். ரப்பி பெஸஹ்யா எழுந்து, ஆபிரகாமின் கூடாரம் நான்கு பக்கமும் திறந்திருந்தது என்று நினைவூட்டினார். "ஆனால் ஆபிரகாம் யாரையும் நிரந்தரமாகத் தங்கவைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்" என்று முடித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். ஏற்க வேண்டாம் என்போர்? நாதானேல் தயங்கித் தயங்கித் தூக்கினான். கூடவே கைகள் எழுந்தன. அந்த ஒன்பது பேரில் மிஞ்சி ஊரிலேயே இருந்தவர்களும் தூக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே எல்யாகிமின் கை.

வெளியே வந்ததும் ரஹமீம் அவனை மடக்கினான்.

"நீயுமாடா?"

"தப்பா நெனச்சுக்காத." எல்யாகிமின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "நான் மட்டும் தூக்காம இருந்தா, உன்னால ஊரே ரெண்டாப் பிரிஞ்சுதுன்னு பேராயிடும். அந்தப் பழி உனக்கு வேணாம்னுதான் ஒருமனசா முடிச்சேன். உன் மரியாதைக்காகத்தான்."

ஜமீலா இடையில் புகுந்தாள். "ஆத்தைக் கடக்குற வரைக்கும் அண்ணன் தம்பி. என் சட்டியில வழிச்சு நக்குனப்ப வாசனை தெரியலையாடா உனக்கு?"

"அண்ணி, அந்த அறிக்கை நான் எழுதினது இல்ல."

"மூக்கு உன்னதுதானே?"

மறுநாள் ரஹமீமுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கால் தானாகக் கல்வீடுகளின் பக்கம் போயிற்று. முதல் வீட்டுக்குத் தளம் போட்டாகிவிட்டது. கொத்தனார் அபூ சலீம் கீழே உள்ள கிராமத்துக்காரர். சுவர்மேல் உட்கார்ந்து ரொட்டியும் தக்காளியும் தின்றுகொண்டிருந்தார்.

"என்ன ரஹமீமு, சாவி வாங்க வந்தியா? ஜன்னல் இன்னும் மாட்டல."

"தோத்துட்டேன்."

"எதுல?"

"பொருத்தத்துல."

அபூ சலீம் மென்று விழுங்கினார். ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

"உனக்காவது மரம் வரையச் சொன்னாங்க. எனக்கு ஒரு நேர்காணல்கூட வைக்கலயேப்பா. இந்த முகட்டுலதான் எங்கப்பா பார்லி வெதச்சார். ஒருநாள் மேல வந்தா வேலி நிக்குது. பொருந்தலன்னுகூட யாரும் சொல்லல."

ரஹமீம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"உன் லாரி அன்னிக்கு ஏன் சேத்துல இறங்கிச்சுன்னு நெனச்ச? உழுத மண்ணுப்பா அது."

அபூ சலீம் ரொட்டித் துகளைத் தட்டிவிட்டுக் கரணையை எடுத்தார்.

தோற்றவனைத் தகர வீட்டிலாவது இருக்கவிடுவார்கள் என்றுதான் ரஹமீம் நினைத்தான். அங்கேதான் குழுவின் பெருந்தன்மை வெளிப்பட்டது. அந்தத் தகர வீட்டை 'நிறுவனர் நினைவில்லம்' ஆக்கிவிட்டார்கள். முகட்டில் மிஞ்சியிருந்த முதல் வருஷத்துக் கட்டடம் அது ஒன்றுதானாம். நினைவில்லத்தில் ஆட்கள் குடியிருந்தால் நினைவு கெட்டுவிடும் என்பதால், பண்டிகைக்கு முன்னால் காலி செய்துகொடுக்கும்படி எல்யாகிம் தன்மையாகக் கேட்டுக்கொண்டான்.

"தொட்டியத் தாண்டிப் போற புதுத் தெருவுக்கு 'பத்தாவது ஆள் தெரு'ன்னு பேர் வெச்சிருக்கோம் ரஹமீம். உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்."

"அந்தத் தெருவுல எனக்கு வீடு உண்டா?"

"தெருவே உன்னதுங்கறேன், நீ வீட்டைக் கேக்குற."

காலி செய்கிற நாளுக்கு முன்பே வழிகாட்டி வந்துவிட்டான், எல்யாகிமின் மருமகன். வாசலில் நின்று உரையை ஒத்திகை பார்த்தான். ரஹமீம் உள்ளே அலமாரியைக் கழற்றிக்கொண்டே கேட்டான். அந்தப் புனித வெள்ளிக்கிழமை, பத்தாவது ஆள் இல்லாமல் ஒன்பது இளைஞர்கள் கண்ணீர் விட்டார்களாம். அப்போது வேத பாடசாலை மாணவன் ஒருவன், காய்ச்சலில் கிடந்தவன், படுக்கையை உதறி எழுந்து, மலைகளைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தானாம்.

"தம்பி," என்று ரஹமீம் ஜன்னலில் தலை நீட்டினான். "வந்தது லாரிப்பா."

மருமகன் பணிவாகச் சொன்னான்: "தெரியும் பெரியவரே. குழந்தைங்களுக்கு லாரி பிடிபடாது. நடந்து வந்தாத்தான் அழுவாங்க."

மச்சினன் அனுப்பிய வண்டி வந்தது. கட்டில், சட்டி, மூட்டை எல்லாம் ஏறின. ஜமீலா ஏறி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ரஹமீம் மட்டும் திருப்புளியோடு வாசலில் நின்று, நிலையில் பதித்திருந்த மெசூசாவைக் கழற்றத் தொடங்கினான். வேத வசனம் எழுதிய தோல் சுருளைக் குழல்போன்ற கூட்டுக்குள் வைத்து, யூதன் குடியிருக்கும் வாசலில் பதிப்பது அது. உள்ளே போகிறவர்கள் விரலால் தொட்டு முத்தமிடுவார்கள். சுருள் அவன் அப்பாவுடையது. முகாம் கொட்டகையின் வாசலில் இருந்தது. கூடு மட்டும் இங்கே வாங்கியது.

எல்யாகிம் பதறிக்கொண்டு வந்தான். கூடவே ரப்பி. "ஐயையோ, அதக் கழட்டாத! இப்ப பஸ் வருது. வெளிநாட்டு ஆளுங்க. வாசல்ல அது இல்லாம எப்படி?"

"சட்டம் எனக்கும் தெரியும்," என்றான் ரஹமீம். "அடுத்து இங்க ஒரு யூதன் குடிவந்தா, நான் விட்டுட்டுத்தான் போகணும். யாரு வர்றா?"

எல்யாகிம் ரப்பியைப் பார்த்தான். ரப்பி தாடியைத் தடவினார்.

"ரஹமீம், இது நுட்பமான கேள்வி. மனிதர் குடியிராத இடத்துக்கு மெசூசா தேவையில்லை. ஆனால் இந்த இல்லம் காலியில்லை. இங்கே வரலாறு குடியிருக்கிறது. ஆகவே, குடியிருப்பு உரிமைக்கு இது வீடு அல்ல. மெசூசாவுக்கு இது வீடு."

"வரலாறு குழு முன்னாடி வந்துச்சா ரப்பி? மரம் வரைஞ்சுச்சா?"

ரப்பியின் கை மறுபடி தாடிக்குப் போனபோது வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. ரஹமீம் அவசரப்படவில்லை. இருவர் கண்முன்னாலும் கூட்டை இறக்கினான். சுருளை மெல்ல உருவி, முத்தமிட்டு, சட்டைப் பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டான். பிறகு வெற்றுக்கூட்டைப் பழைய இடத்திலேயே, பழைய சாய்வோடு, இரண்டு திருகாணியும் போட்டு முடுக்கினான்.

"சுருள் எங்கப்பாது. கூடு வரலாறே வெச்சுக்கட்டும்."

எல்யாகிம் வாயைத் திறந்தான். பஸ் வந்து நின்றது. கதவு திறந்து, வெள்ளைத் தொப்பியும் கேமராவுமாக ஆட்கள் இறங்கி வாசலில் வரிசை கட்டினார்கள். ஒரு கிழவர் தகரச் சுவரைப் பார்த்ததுமே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"ஏறுய்யா," என்றாள் ஜமீலா.

ரஹமீம் ஏறிக் கதவைச் சாத்தினான். வண்டி நகர்கிற வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். எல்யாகிம் ஒரு கணம்தான் தயங்கினான். பிறகு விருந்தினர்களின் பக்கம் திரும்பி, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று காட்டுவதுபோல, வெற்றுக்கூட்டை விரலால் தொட்டு, கண்ணை மூடி, விரலில் நீண்ட முத்தம் ஒன்றைப் பதித்தான். அடுத்து ரப்பியும் செய்தார். வரிசை நகர்ந்தது. முத்தங்களில் ஒரு குறையும் இல்லை.